ஏழு பொத்தான்கள்

நல்லசிவம் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. அதுவரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்கு வகுப்பு நடத்தப் பழக்கிய ஆரோக்கியமேரி டீச்சர் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் நல்லசிவம் எழுந்து நின்றுவிடுவார்.

ஒருநாள் மதியம் அவர் டீச்சரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"மூணாங்கிளாஸ் தெய்வானைங்க டீச்சர். அவளைத் திரும்ப ரெண்டாங்கிளாஸ்ல உக்கார வெச்சிடலாம்னு எழுதியிருக்கேன்."

"ஏன் சார்?"

"மூணு நாளா ஒரே கணக்கு. பொத்தானை அடுக்கிக் காட்டி, அடுத்து என்னன்னு கேக்கறேன். மூணு நாளும் தப்பு. இப்பல்லாம் வாயே திறக்கறதில்லை."

டீச்சர் தாளை வாங்கவில்லை. "வாங்க, போலாம்" என்று எழுந்தார்.

தெய்வானை வகுப்பில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் டப்பாவை மூடிவிட்டாள்.

"நீ சாப்பிடு, கண்ணு. நாங்க காத்திருக்கோம்" என்று டீச்சர் தரையில் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் நல்லசிவமும் உட்கார்ந்தார்.

அவள் கை கழுவி வந்ததும் நல்லசிவம் பொத்தான்களை அடுக்கினார். முதலில் ஒன்று. பக்கத்தில், வரிசையாக இரண்டு. அதற்கடுத்து, சதுரமாக நான்கு.

"அடுத்தது வை, கண்ணு" என்றார் டீச்சர்.

தெய்வானை நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான்கைச் சதுரமாக வைத்து, அதன் கீழே மூன்றை வைத்தாள். மொத்தம் ஏழு.

"பாத்தீங்களா?" என்றார் நல்லசிவம் மெல்ல. "ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்காகுது. எட்டு வரணும்."

டீச்சர் சிறுமியிடம் குனிந்தார். "இதை எப்படி வெச்சே? எனக்குச் சொல்லேன்."

தெய்வானை முதல் பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

"மொதல்ல ஒண்ணுதான் இருந்துச்சுங்க. அப்புறம் ஒண்ணு சேந்துச்சு. அப்புறம் ரெண்டு சேந்துச்சு." விரல் கடைசி அடுக்குக்கு நகர்ந்தது. "இப்ப மூணுதானுங்களே சேரணும்?"

நல்லசிவம் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. நான்கு. ஏழு. விரல்விட்டு ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு தாமே ஏழு பொத்தான்களை அடுக்கி, அதன் கீழே நான்கை வரிசையாக வைத்தார்.

"பதினொண்ணு. சரியா, பாப்பா?"

தெய்வானை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுடைய நோட்டை எடுத்து, தாம் போட்டிருந்த மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகளையும் அடித்துவிட்டு, பக்கத்தில் சரி போட்டார்.

"டீச்சர், என் எட்டும் சரி, இவ ஏழும் சரின்னா, ஒரு குழந்தை அடுத்து எங்க போகும்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

டீச்சர் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"என்னை ஏன் கேக்கறீங்க, சார்? அவ உங்க பக்கத்துலதானே இருக்கா."