எண்ணெய் குடிக்காத வளையங்கள்

சென்னியப்பன் கோவையில் ஒரு பவுண்டரியில் இருபத்தாறு வருஷம் இரும்பு உருக்கியவர். அது மூடிய பிறகு எட்டு மாதம் அலைந்து, ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு சின்ன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எதையும் உருக்குவதில்லை. தாமிரத் தூளையும் வெள்ளீயத் தூளையும் கலந்து, அச்சில் அழுத்தி, மோதிரம் போன்ற வளையங்களாக்கி உலையில் சுட்டார்கள்.

உலைக்குப் பொறுப்பு ஷம்ஷாத் என்ற பெண். சென்னியப்பனைவிடப் பத்தொன்பது வயது சின்னவர். அவரிடம்தான் சென்னியப்பன் தொழில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் வாரமே கேட்டார்.

"தாமிரம் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணுமுங்க மேடம். நீங்க எண்ணூத்தி இருபதுல நிறுத்தறீங்க. உருகாம எப்படிங்க ஒட்டும்?"

"தொட்டுக்கிட்டு இருக்குதுங்களே அண்ணா."

"தொட்டாப் போதுமுங்களா?"

"சூடு பட்டா, தொட்ட இடத்துல பிடிச்சுக்கும்."

சென்னியப்பனுக்கு மனசு ஆறவில்லை. சுட்டெடுத்த வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் பொடிப்பொடி ஓட்டைகள். பவுண்டரியில் ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் அந்த வார்ப்பைத் தூக்கி எறிவார்கள். அவரே எத்தனையோ எறிந்திருக்கிறார்.

அந்த மாதம் செயற்கைக் கால் செய்யும் ஒரு கூடத்துக்கு வளையங்கள் செய்தார்கள். முழங்கால் மூட்டுக்குள் போகிறவை. கால் பொருத்தும் முகாமுக்கு ஒரே நாள்தான் இருந்தது. நாற்பது பேர் வருகிறார்கள். அழுத்தி வைத்த வளையங்கள் ஆறு தட்டு. வேறு தூள் கையிருப்பில் இல்லை.

அன்று காலை ஷம்ஷாத் மகளின் பள்ளிக்கூடம் வரை போனார். சென்னியப்பன் உலையில் ஐம்பது டிகிரி கூட்டி வைத்தார். கால் இழந்தவர்களுக்குப் போகிற சாமான். அதில் ஓட்டை இருக்கக் கூடாது என்று நினைத்தார்.

ஷம்ஷாத் திரும்பி வந்தபோது தட்டுகளை உலைக்குள் கொண்டுபோகும் பட்டை ஓடவில்லை. சென்னியப்பன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்கண்ணா கிளம்பிட்டீங்க?"

"தப்புப் பண்ணிட்டனுங்க மேடம். சூட்டை ஏத்திட்டேன்."

"எவ்வளவு?"

சொன்னார்.

ஷம்ஷாத்தின் முகம் மாறியது. "எத்தனை தட்டு போச்சு?"

"ஒண்ணுங்க."

"மீதி அஞ்சு?"

"வெளியதான் இருக்குதுங்க. முதல் தட்டு பளபளன்னு வந்துச்சு. சந்தோசத்துல அளவுக் கம்பியில மாட்டிப் பாத்தேன். ஏறல. சுருங்கிப் போச்சு. உடனே பட்டையை நிறுத்திட்டேன்."

ஷம்ஷாத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் சிரித்தார்.

"அஞ்சு தட்டு போதுமுங்கண்ணா. பையை இறக்கி வெச்சுட்டு வாங்க."

இரண்டு கிண்ணங்களில் சூடான எண்ணெய் ஊற்றினார். ஒன்றில் சென்னியப்பன் சுட்ட வளையத்தைப் போட்டார். அது அடியில் போய்ச் சும்மா கிடந்தது.

மற்றதில், முன்பு எண்ணூற்றி இருபதில் சுட்ட வளையம் ஒன்றைப் போட்டார். அதன் உடம்பெங்கும் குமிழ்கள் கிளம்பின. விடாமல் வந்துகொண்டே இருந்தன.

"என்னங்க மேடம் அது?"

"உள்ள இருக்கற காத்து வெளிய வருது. அந்த இடத்துக்கு எண்ணெய் போகுது. காலை மடக்கறப்ப அது கசிஞ்சு மூட்டு தேயாமப் பாத்துக்கும்."

சென்னியப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னோடது குடிக்கலீங்களே."

"வாயெல்லாம் அடைச்சுட்டீங்களே அண்ணா."

உலை எண்ணூற்றி இருபதுக்கு இறங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். ஐந்து தட்டுகளையும் சென்னியப்பனே அனுப்பினார். ஒவ்வொரு வளையமும் அளவுக் கம்பியில் ஏறியபோது அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

சாயங்காலம் வளையங்களை வாங்கிப்போக சாரதாமணி வந்தார். அந்தக் கூடத்தில் கால் செய்கிறவர். அவருக்கே இடது கால் செயற்கைதான். கிரீச், கிரீச் என்று சத்தம் போட்டபடி உள்ளே வந்தார்.

"மூட்டுல இருந்த பழைய வளையம் தேஞ்சு போச்சுங்க. நான் தெருமுனை திரும்பும்போதே எங்க வீட்டுல சோறு போட்டு வெச்சுடறாங்க" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து, காலைக் கழற்றி, எண்ணெயில் ஊறிய புது வளையங்கள் இரண்டை மூட்டில் மாட்டினார். சென்னியப்பன் திருகாணிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

சாரதாமணி எழுந்து நடந்தார். கொட்டகையின் அந்தக் கோடி வரை போனார். திரும்பினார். ஒருமுறை மடக்கி உட்கார்ந்து எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி நடக்கத் தொடங்கினார்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள எவ்வளவு இடம் காலியா விடோணும்னு எப்படிங்க மேடம் தெரிஞ்சுக்கறது?"

"அந்தக்கா நடக்கறதக் கேளுங்கண்ணா."

அவர் தலையைச் சாய்த்து, காது கொடுத்து நின்றார்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே மேடம்."

"அந்த அளவு" என்றார் ஷம்ஷாத்.