பறக்காத முப்பத்தேழு தேர்கள்

இந்தக் கதையை நான் இருபது வருஷமாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். சொன்னவர் பொன்னுரங்கம் சார். நான் வேலை பார்த்த ஹெலிகாப்டர் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். அங்கே என் பணிக்காலத்தில் ஒன்பது ஹெலிகாப்டர்கள் வரைந்தோம். ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. ஒன்றுக்கு மட்டும் மரத்தில் முழு அளவு மாதிரி செய்தோம். அதற்குள் பூனை குட்டி போட்டது. எங்கள் பிரிவிலிருந்து உருப்படியாக வெளியே வந்தவை அந்த நான்கு குட்டிகள்தான்.

ஒரு நாள் கேன்டீனில் சார் சொன்னார்.

மணலூர் ராஜா முத்துவிசயராயருக்கு ஆகாயத்தில் போக ஆசை. அதற்கென்றே ஒரு பட்டறை வைத்து, வைரவ ஆசாரியை அமர்த்தினார். ஆசாரி கஞ்சி போட்ட பெரிய துணியில் கரியால் வரைந்தார். ஓர் ஆசனம், தலைக்கு மேல் சுழலும் ஒரு விசிறி, கீழே தன் பெயர். அவ்வளவுதான். ராஜா பார்த்தார். சிம்மாசனமும் வெண்குடையும் இல்லாமல் எப்படிப் போவது என்றார். ஆசாரி இரண்டையும் சேர்த்து வரைந்து, பக்கத்தில் ராஜாவின் பெயரை எழுதினார். அது இரண்டாவது தேர். தளவாய் வேங்கடப்பர் பீரங்கி கேட்டார், அது மூன்றாவது. அரண்மனைப் பூசகர் மணி கேட்டார். தலைமைச் சமையற்காரர் அடுப்பு கேட்டார். கனம் கூடக்கூட விசிறி இரண்டாயிற்று, நான்காயிற்று. கோட்டை வாசலில் நுழையவேண்டுமென்று மடங்கும் விசிறி வந்தது. இருபது வருஷத்தில் முப்பத்தேழு தேர்கள். எல்லாம் அந்த ஒரே துணியில், கேட்டவர்கள் பெயரோடு.

ஒரு நாள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபது வருஷமாய் ஒன்றுகூடப் பறக்கவில்லையே, ஏன்?" என்று சபையில் கேட்டார்.

தளவாய்க்குப் பட்டறை இருந்த இடத்தின் மேல் ஒரு கண். அங்கே குதிரை லாயம் கட்ட நினைத்திருந்தார். ஆசாரி ஏமாற்றுக்காரர் என்றார். துணியில் உள்ளபடியே ஒரு மாதத்தில் தேரைக் கட்டட்டும், ஆசாரியை அதில் உட்காரவைத்து மலைப்பாறை மேலிருந்து தள்ளிப் பார்க்கலாம் என்றார். புதுத் தேரின் முதல் ஓட்டத்தில் அச்சு செய்தவர் தட்டில் நிற்பது நம் ஊர் வழக்கம்தானே என்று நியாயமும் சொன்னார். ராஜா ஒத்துக்கொண்டார். வேலை தொடங்கப் பத்தாம் நாள் முகூர்த்தம். பீரங்கியோடு அது பாறையிலிருந்து நேரே கீழேதான் போகும் என்று ஆசாரிக்குத் தெரியும்.

சபையில் கோனேரி என்று ஒருவர் இருந்தார். ராஜாவுக்குப் பொழுதுபோகாதபோது பேச்சுக்கு அழைக்கப்படுபவர். அவர் எழுந்தார்.

"தளவாய் சொல்வது நியாயம், மகாராஜா. செய்தவர் ஏறத்தான் வேண்டும். ஆனால் இதை ஆசாரி ஒருவரா செய்தார்? துணியில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் ஏறட்டும்."

ராஜா தன் வாக்கை அளந்து பார்த்தார். வழக்கத்தை எடுத்துச் சொன்னது தளவாய், ஒத்துக்கொண்டது தான். "ஆகட்டும்" என்றார், கொஞ்சம் மெதுவாக.

மறுநாள் காலை பூசகர் பட்டறைக்கு வந்தார். மணி ஓசை தேவர்களுக்கு இடைஞ்சல் என்று இப்போதுதான் தோன்றியதாம். மேல்துண்டின் நுனியால் மணியைத் துடைத்தார், பெயரையும் துடைத்தார். சமையற்காரர் அடுப்பைத் துடைத்தார். தளவாய் பீரங்கியைப் போர்முனைக்குத் தேவை என்று அழித்துவிட்டுப் போனார். ஆறாம் நாள் ராஜா குதிரை பார்க்க வந்தவர் போல அந்தப் பக்கம் வந்தார். ஆசாரியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். தண்ணீர் வந்தபோது சிம்மாசனமும் குடையும் இல்லை.

பத்தாம் நாள் இரண்டு காவலர்கள் துணியைச் சபைக்குக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தார்கள். வெள்ளைத் துணி. ஒரு கோடுகூட இல்லை.

"முதல் தேர் எங்கே? அந்த ஆசனம், ஒற்றை விசிறி?" என்றார் ராஜா.

ஆசாரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தும் கரி.

"பார்த்தீர்களா, தான் செய்ததையே நம்பாதவன்" என்று தளவாய் கையை நீட்டினார். அவருடைய மேல்துண்டின் நுனியும் கறுப்பாக இருந்தது. ராஜா அதைப் பார்த்தார். தளவாய் ராஜாவின் பட்டு மேலாடையில் இருந்த கரியைப் பார்த்தார். பிறகு இருவருமே வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் சாளரம் வழியாக ஒரு காற்று வந்தது. துணி காவலர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி, சபையை ஒரு சுற்று சுற்றி, மதில் தாண்டிப் போயே போய்விட்டது.

கோனேரி கைகூப்பினார். "நாம் எல்லோரும் இறங்கிவிட்டோம், மகாராஜா. அது பறந்துவிட்டது."

ராஜா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கோனேரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஆசாரியைத் தண்டிக்கவில்லை. புதுத் துணி ஒன்று கொடுத்து, இனி அவரைத் தவிர யாரும் பட்டறைக்குள் வரக்கூடாது என்றார்.

கதை இவ்வளவுதான். அன்று கேன்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் ஒன்பதாவது வரைபடத்துக்கு ஒப்புதல் கூட்டம் நடந்தது. சோதனை விமானி விளையாட்டாகச் சொன்னார்: "கையெழுத்துப் போடுகிறவர் முதல் தடவை என்னோடு உட்கார வேண்டும்." எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். சுழல் விசிறியைக் கணக்குப் போட்டு வரைந்தவன் நான். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பேனாவை மூடினேன். சரிபார்த்து முடிப்பதற்குள் அந்தத் திட்டமே மூடப்பட்டது.

போன மாதம் பொன்னுரங்கம் சாரைப் பார்க்கப் போனேன். எண்பத்திரண்டு வயது. காபி வந்தது. பூனைக்குட்டிகளைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், கேட்டுவிட்டேன்.

"சார், ஆசாரி தன் பெயரைத் தானே அழித்தது முதலிலிருந்தே கதையில் இருந்ததா? இல்லை, அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்த பிறகு நீங்கள் சேர்த்ததா?"