கைப்பிடி வைத்த கணினி

“அம்மா, எனக்கு வயிறு எரியுது.”

படியேறி வந்த மாசிலாமணி இதைத்தான் முதலில் சொன்னார். கணினி செய்யும் நிறுவனம் ஒன்றில் மேசைக் கணினிப் பிரிவுக்குத் தலைவர். வயது ஐம்பத்தெட்டு. கையில் கனமான அட்டைப்பெட்டி.

குரு அமிர்தவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் அதே நிறுவனத்தின் ஆலையில் திருகாணி முடுக்கியவர். இப்போது தம் மடத்தின் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரால எரியுது?”

“தீபனால. கைபேசிப் பிரிவுத் தலைவன். என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். இன்னிக்கு அவன் தும்மினா நிர்வாகக் குழுவே எழுந்து நிக்குது.”

“தும்மட்டுமே.”

“அவன் செஞ்சதை ஊரே தடவுது அம்மா. தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்குறாங்க. நான் செஞ்சதை யாராவது ஒரு நாள் தடவியிருப்பாங்களா? தூசி தட்டத்தான் தொடுவாங்க.”

அப்போது குருவின் இடுப்பில் கைபேசி மணி அடித்தது.

“உங்ககிட்டயுமா!”

குரு சிரித்துக்கொண்டே மணியை நிறுத்தினார்.

“வெள்ளிக்கிழமை கூட்டம். எங்க பிரிவை மூடுறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. அதுக்குத்தான் இது.”

மாசிலாமணி பெட்டியிலிருந்து கணினியை எடுத்தார். அகலத் திரை. அதன் உச்சியில் பளபளவென்று ஒரு கைப்பிடி.

“மின்கலம் வெச்சேன். தொடுதிரை வெச்சேன். கைப்பிடியும் வெச்சுட்டேன். இனிமே இதையும் கையிலேயே வெச்சுக்கலாம்.”

பெட்டியின் மேல் ‘மேசைக் கணினி’ என்று அச்சிட்டிருந்தது. முதல் சொல் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

“இது யார் வேலை?”

“நான்தான். அந்தச் சொல்லாலதான் எங்களுக்குக் கிழட்டுப் பேரு.”

“சரி. கூட்டத்துக்கு ஒரு கடிதம் வேணுமே. உங்க பிரிவு ஏன் இருக்கணும்னு. அதுலயே எழுதுங்க. கையில வெச்சு.”

மாசிலாமணி கணினியை இடது கையில் குழந்தைபோல ஏந்திக்கொண்டார். வலக்கை விரலால் திரையைத் தட்டினார்.

குரு கூடத்தைக் கழுவி முடித்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“எதுவரைக்கும் வந்தீங்க?”

“‘எங்கள் பிரிவு இருக்க வேண்டிய காரணம்’.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள கை விட்டுப்போச்சு. கொஞ்சம் கீழே வெச்சுக்கிறேன் அம்மா.”

“தரை ஈரம்.”

மாசிலாமணியின் பிடி நழுவியது. கணினி சரிந்தது. முழங்காலைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். ஒற்றைக் காலில் நின்றார்.

“ஒரு மேசை கொடுங்க அம்மா! சீக்கிரம்!”

குரு நகரவில்லை.

“என்ன கேட்டீங்க? காதுல விழல.”

மறுபடி சொல்ல வாயெடுத்த மாசிலாமணியின் கண், பெட்டியின் மேலிருந்த கறுப்பு மையில் போய் நின்றது.