போதும் என்ற கற்றாழை

செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடாகக் கிடந்த தேரியின் ஓரத்தில் உலகம்மாள் என்றொருத்தி குடியிருந்தாள். புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனால் மழைக்குத்தான் திரும்புவான். பேச்சுத்துணைக்கு முற்றத்தில் ஒரு கற்றாழைதான் இருந்தது. அதுவும் லேசுப்பட்டதில்லை. குழம்பில் புளி கூடினால் வாசத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. உலகம்மாள் தொலைவில் இருந்த ஊற்றிலிருந்து குடம் சுமந்து வந்து, முதல் செம்பைக் கற்றாழைக்கு ஊற்றினாள்.

“போதும் தாயி,” என்றது கற்றாழை.

அவள் பிறந்த வீட்டில், விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்பார்கள். இலையைக் கையால் மறைத்தால் கையை ஒதுக்கிவிட்டு வைப்பார்கள். சொன்னதும் நிறுத்துவது அங்கே மரியாதை இல்லை.

“எங்கிட்ட என்ன கூச்சம் ஒனக்கு?” என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றினாள்.

“நெசமாத்தான் சொல்லுதேன். வயிறு முட்டிப் போச்சு.”

“ஆமா, கண்டேன்! நீ வாடிப்போனா நான் யாருகூடப் பேசுவேன்?”

தான் குடிக்க வைத்திருந்ததையும் ஊற்றிவிட்டு, வறண்ட தொண்டையோடு படுத்தாள். தினமும் இதே கூத்துதான். கற்றாழையின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. தாகத்தால்தான் மெலிகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினாள் பாவி மகள். ஒருநாள் காலையில் “போதும்” என்ற சொல் பாதியிலேயே நின்றுபோனது. பதறிப்போய் இலையைத் தொட்டாள். செடி கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் அழுகிக் கொழகொழவென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தூக்கி எறிய மனம் வரவில்லை. அழுகிய வேரை அறுத்துவிட்டு, “எங் கண்ணு முன்னாலயாவது இரு,” என்று வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டினாள். செத்ததற்கு எதற்குத் தண்ணீர் என்று அதன்பிறகு ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

மழை வந்தது. புருஷனும் வந்தான். குனிந்து உள்ளே நுழையப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏட்டி, இங்க வந்து பாரு!”

தொங்கிய செடியிலிருந்து ஒரு தண்டு வளைந்து மேலே ஏறி, நுனியில் மஞ்சளாகப் பூத்திருந்தது.

உலகம்மாள் சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். வாசலில் நின்று, “வேணுமா?” என்று கேட்டாள். கற்றாழை வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள்.

அன்று முதல்தான் வீட்டு வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டும் வழக்கம் வந்தது. கேட்டால் கண்திருஷ்டிக்கு என்பார்கள். யார் கண்ணுக்கு என்று கற்றாழையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அதுதான் அன்றோடு பேச்சையே விட்டுவிட்டதே.