மீட்டர் அறையில் ஆயிரத்து இருநூறு டிகிரி

அந்தப் பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். மூளை அவர்களில் யாரிடம் இருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஃபோர்மேன் அமிர்தகடேசன் போன லோடைக் கெடுத்திருந்தார். இந்த முறை வெந்துகொண்டிருந்த நாலாயிரம் டீக் கப்பும் கெட்டால், பேக்கிங் ஷெட்டில் வைக்கோல் திணிக்க அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

காலையில், பக்கத்து அறையிலிருந்த சூளை மீட்டரில் எண்கள் துள்ளின. சென்னை இன்ஜினியரைப் போனில் கேட்டார்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரில் எங்கோ ஜாயின்ட் லூஸ், எல்லாவற்றையும் இறுக்குங்கள், ஆயிரத்து இருநூறு காட்டினால்தான் கேஸை நிறுத்த வேண்டும் என்றார் அவர்.

எலக்ட்ரீஷியன் செங்கேணி அலமாரியிலிருந்து புதுத் தெர்மோகப்பிள் ஒன்றை எடுத்துப் பார்த்தான். சூளைக்குள் போய்ச் சூட்டை உணரும் நுனியில் இரண்டு வயரும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. மீட்டர் பக்கமோ தனித்தனியாகக் கிடந்தன.

"அண்ணே, அந்தப் பக்கம் சேர்த்துவெச்சவன் இந்தப் பக்கம் சேர்க்க மறந்துட்டான்."

அமிர்தகடேசனுக்குப் பாவமாக இருந்தது. மீட்டருக்கு ஒரு சாண் முன்னால் இரண்டையும் உரித்து முறுக்கச் சொன்னார். துள்ளல் நின்றது. முப்பத்து நாலு டிகிரி, அந்த அறையின் சூடு எவ்வளவோ அவ்வளவு. அப்படியொரு நிதானத்தை அவர் இன்ஜினியரிடம்கூடக் கண்டதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து முப்பத்தைந்து. பர்னர் பார்க்கும் சவரிராயன், சூளைச் சுவரின் துளை வழியாகப் பார்த்தால் நெருப்பு வெள்ளையாகக் கண் கூசுகிறதே என்று முனகினான்.

"உன் கண்ணுல டிகிரி எழுதியிருக்காடா? கேஸைக் கூட்டு" என்றார் அமிர்தகடேசன். மணிக்கு ஒரு டிகிரி வீதம் கணக்குப் போட்டார். நாற்பத்தெட்டரை நாள். "ஒரு மண்டலம். விரதம் இருந்துடுவோம்."

செங்கேணி அப்போதே செருப்பைக் கழற்றினான்.

சாயங்காலம் சவரிராயன் கைதவறி, சூடான டீ அந்த முறுக்கின் மேல் சிந்தியது. மீட்டர் எழுபதுக்குத் தாவியது. மூவரும் எழுந்து நின்றார்கள். ஸ்டோரிலிருந்து, தீயைப் பீய்ச்சும் புளோ லாம்ப் வந்தது. முறுக்குக்கு நேராகப் பிடித்தார்கள். ஆயிரத்து இருநூறைத் தொட்டதும், இன்ஜினியர் சொன்னபடியே கேஸை நிறுத்தினார்கள்.

சூளை ஆறி, கதவைத் திறந்தபோது நாலாயிரம் கப்பும் உருகி ஒரே பாறையாக உட்கார்ந்திருந்தன. முதலாளி பேக்கிங் ஷெட் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயா, ஆயிரத்து இருநூறு வந்தது சத்தியம்" என்றார் அமிர்தகடேசன். "மூணு பேரும் பார்த்தோம். ஆனா வந்தது மீட்டர் ரூம்ல. கப்புங்கதான் வேற இடத்துல இருந்துதுங்க."

முதலாளி நெடுநேரம் பாறையையும் மீட்டரையும் மாறிமாறிப் பார்த்தார். நீட்டிய கை மெல்ல இறங்கியது. அடுத்த லோடை மீட்டர் அறையிலேயே அடுக்கச் சொன்னார்.

அங்கே இடம் போதவில்லை. அதனால் அமிர்தகடேசனின் மேசை நாற்காலி சூளைக்குள் போடப்பட்டிருக்கிறது. மின்விசிறி மாட்டச் செங்கேணி உள்ளே அளவெடுத்துக்கொண்டிருக்கிறான்.