மெல்ல மெல்ல இனிக்கும் சோறு

அந்தக் காலத்தில் செடியும் எறும்பும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். அப்போது நெல்மணி சர்க்கரை போல இனித்தது. உமியை ஊதிவிட்டு நாக்கில் வைத்தால் போதும், கரைந்துவிடும். அதற்கு அடுப்பும் தேவையில்லை, பானையும் தேவையில்லை.

அந்த இனிப்பே நெல்லுக்கு வினையாகிவிட்டது. மணி முற்றுவதற்கு முன்பே எறும்புகள் சாரிசாரியாக வந்துவிடும். அவை விட்டுவைத்ததை மழை எடுத்துக்கொள்ளும். ஈர மண்ணில் விழுந்த விதை முளைவிடுவதற்குள் உள்ளே இருந்த இனிப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். வெறும் உமிதான் கிடக்கும். இப்படியே மூன்று மழைக்காலம் போனது. கடைசியில் அந்த ஆற்றங்கரை முழுவதும் தேடினாலும் ஒரே ஒரு நெல் தூர்தான் மிச்சம் இருந்தது.

அதற்குப் பக்கத்தில் சடைச்சி என்ற பெண் குடிசை போட்டிருந்தாள். காட்டில் குன்றிமணி பொறுக்கி, ஓட்டை போட்டு, நாரில் கோத்து மாலையாக்குவது அவள் வேலை. கணவன் மூக்கன் மீன் பிடிக்கப் போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். அவர்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, பெயர் செம்பி. சடைச்சி காய்ச்சலில் படுத்து எழுந்ததில் தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. உள்ளங்கைத் தண்ணீரில் நாலு நெல்மணியைக் கரைத்து ஊட்டித்தான் குழந்தையைக் காப்பாற்றி வந்தாள்.

கதிரில் பால் பிடித்திருந்த ஒரு நாள். பாயில் உதிரியாகக் கிடந்த குன்றிமணிகளை ஒரு மைனா ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு கோத்து வைத்திருந்த மாலையைக் கொத்தி இழுத்துப் பார்த்தது. முடியவில்லை. விட்டுவிட்டுப் பறந்தது.

நெல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சடைச்சி, உதிரி மணியத் தூக்கிட்டுப் போனது மாலைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போகுது?" என்று கேட்டது.

"ஒண்ண இழுத்தா எல்லாம் சேந்து வருதேக்கா. அதோட வாய்க்கு எப்படிக் கொள்ளும்?" என்றாள் சடைச்சி.

நெல் அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. பாலில் மிதந்துகொண்டிருந்த இனிப்புத் துகள்களைப் பிடித்து ஒன்றோடு ஒன்றாக முடிச்சுப் போட்டது. ஒவ்வொரு முடிச்சு விழும்போதும் துளி நீர் கசிந்து வெளியேறியது. சரம் நூறாகி, ஆயிரமாகி நீண்டது. பத்து நாளில் பால் வற்றி, மணி வெள்ளைவெளேரென்று இறுகிவிட்டது.

எறும்புகள் வந்தன. முன்னால் வந்த கட்டெறும்பு ஒரு மணியைக் கடித்து, துப்பியது. "இது என்ன, சுண்ணாம்பா? திரும்புங்கப்பா," என்றது. வந்த வரிசை அப்படியே திரும்பிப் போனது. இரண்டு நாள் மழை கொட்டியது. கதிரில் ஒரு மணிகூடக் கரையவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக நெல் நிம்மதியாகத் தலை சாய்த்தது.

மழை விட்டதும், முன்பு உருவி வைத்திருந்த மணி தீர்ந்துபோனதால் சடைச்சி வந்து நாலு மணி உருவிக்கொண்டு போனாள். உள்ளங்கைத் தண்ணீரில் போட்டாள். கரையவில்லை. விரலால் தேய்த்தாள். கல் மாதிரி இருந்தது. இடித்துக் கலக்கி ஊட்டினாள், குழந்தை துப்பியது.

"அக்கா, என்ன பண்ணிட்ட?" என்று ஓடி வந்தாள்.

"நீ சொன்னதத்தான் பண்ணினேன். கோத்துட்டேன்."

"அப்போ எம்புள்ளைக்கு அவுத்துக் குடு."

"அவுக்க எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விதையோட கருவுலயும் ஒரு சின்ன அரிவாள் வச்சிருக்கேன். தண்ணி பட்டு ஊறினா அது முழிச்சுக்கும். முடிச்சுக்கு ஒரு துளி தண்ணியத் தொட்டுத் தொட்டுச் சரத்த அறுக்கும். எவ்வளவு அறுத்தாலும் மழுங்காது. மூணு நாள் ஊறப் போடு, முளை வரும்போது இனிக்கும்."

"மூணு நாளா? நேத்துலேருந்து அவ வயித்துல ஒண்ணுமில்ல."

சடைச்சி காத்திருக்கவில்லை. கல்லானதைத் தீயாவது இளக்காதா என்று பானையில் தண்ணீர் வைத்து, இன்னும் கொஞ்சம் மணியை உருவி உமி நீக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். மணிகள் பருத்து, மெத்தென்று மலர்ந்தன. முதன்முதலில் வெந்த சோறு அதுதான். ஆறவைத்து ஒரு பருக்கையை மசித்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். சப்பென்று இருந்தது போல. செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சடைச்சி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சோற்றுச் சட்டியுமாக நெல்லிடம் வந்து நின்றாள்.

"அரிவாள் இருக்குன்னியே, எங்க? வேக வச்சும் இனிக்கல."

"வேக வச்சியா! சூடு பட்டா அரிவாள் செத்துப்போகுமே," என்றது நெல்.

சடைச்சி சட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து நெல் தூரைக் கொத்தாகப் பிடித்தாள். ஒரு இழுப்பில் வேரோடு வந்துவிடும். ஆற்றங்கரையில் இருந்த கடைசித் தூர் அது.

"உம்புள்ளைங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு அரிவாளா? வழி சொல்லிக் குடுத்தவ நான். எம்புள்ளை பட்டினி கெடந்து சாகணுமா?"

"பிடுங்கிட்டா மட்டும் உம்புள்ளை பொழைக்குமா?" என்று நெல் கெஞ்சியது. "எனக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு கதிர்தான், சடைச்சி."

சடைச்சியின் கை அப்படியே நின்றது. மூன்று மழைக்காலமாக அது ஒவ்வொரு விதையாக இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். பிடியை விட்டாள். கலைந்த இலைகளை நீவிவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, ஒண்ணு கேக்குறேன்," என்றாள். "எனக்கும் ஒரு அரிவாள் குடு. உன் விதையில பாதிய நான் தொடமாட்டேன். சேத்த மிதிச்சு, பாத்தி கட்டி, நானே விதைக்கிறேன். பறவைய விரட்டுறேன். எம்மக காலத்துல அவ செய்வா."

நெல் ஒப்புக்கொண்டது. "வாயத் திற," என்றது. அடியில் ஈரத்தில் கிடந்து முளைத்திருந்த ஒரு மணியை நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது. "இதுல இருக்கற அரிவாள் இனிமே உன் எச்சில்ல இருக்கும். ஆனா அவசரப்படாத. அறுக்கறதுக்கு நேரம் குடு. மெல்லு."

சடைச்சி ஒரு வாய் சோற்றை எடுத்து மென்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மென்றுகொண்டே இருந்தாள். நாக்கின் ஓரத்தில் லேசாக ஓர் இனிப்பு கசிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. மென்று கூழான சோற்றை விரலில் எடுத்துச் செம்பியின் உதட்டில் தடவினாள். குழந்தை நக்கியது. மறுபடி வாயைத் திறந்தது.

ஐந்தாம் நாள் மூக்கன் மீனோடு வந்தபோது, செம்பி அம்மாவின் மடியில் உட்கார்ந்து சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்கு இருவரும் சேற்றை மிதித்து, எடுத்து வைத்த பாதி விதையை விதைத்தார்கள். செம்பிக்குப் பல் முளைத்தபோது அவள் எச்சிலிலும் அந்த அரிவாள் இருந்தது. அவள் பிள்ளைகளுக்கும் வந்தது.

அன்றிலிருந்துதான், வெறும் சோற்றை அவசரமாக விழுங்குகிறவருக்கு அது சப்பென்று இருக்கிறது. வாயில் வைத்து நிதானமாக மெல்லுகிறவருக்கு இனிக்கிறது.