ஐந்தாம் வரியில் ஓட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதை முடிகிற வரைக்கும் யாரும் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கக் கூடாது. பாதியில் தீர்ப்புச் சொல்கிறவர்களால் நான் பட்டது போதும்.

குன்னூரில் பேக்பைப் கோஷ்டி ஒன்று இருந்தது. கையிடுக்கில் தோல்பையை அமுக்கி, குழலில் விரல் ஓட்டி, கல்யாண ஊர்வலங்களில் வாசிப்பார்கள். அந்தக் கோஷ்டியில் டிரம் அடிக்கிற ஃபிலோமினாவுக்கு ஒரு பைத்தியம். பழைய பேக்பைப் பாட்டுகளையும், கோஷ்டிக்காரர்கள் புதிதாகக் கட்டியவற்றையும் சுரக்குறிப்போடு ஓர் இணையதளத்தில் போட்டுவிடுவாள். காசு கிடையாது, கேள்வி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம்.

"ஓசியில குடுத்தா எவன் மதிப்பான்?" என்று கேட்டவர்கள் உண்டு.

"மதிக்க வேண்டாம், வாசிக்கட்டும்" என்பாள்.

மேல்பாறை எஸ்டேட்டில் தொண்ணூறு வருடத்துக்கு முன் இப்படியொரு கோஷ்டி நடத்தியவர் மாசிலாமணி. அவர் கைப்பட நாற்பது பாட்டு எழுதிய நோட்டு பேத்தி எஸ்தரிடம் இருந்தது. ஃபிலோமினா போய்க் கேட்டாள். எஸ்தர் நோட்டை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஒவ்வொரு பாட்டா வந்து எழுதிக்கோ. ஆனா முழுசாப் போடணும். எங்க தாத்தா எழுதாத ஒரு சுரமும் உள்ள வரக் கூடாது. ஏதாவது தப்பாச்சுன்னா மிச்சப் பாட்டு கிடையாது."

"சத்தியமா அக்கா!"

நோட்டைத் திறந்து பார்க்காமல் சத்தியம்! கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நாலைப் புரட்டிப் பார்க்கிறோம்.

முதல் பாட்டின் பெயர் 'கொழுந்துக்கூடை நடை'. மொத்தம் எட்டு வரி. ஐந்தாம் வரி இருந்த இடத்தில் ஓட்டை. ராமபாணப் பூச்சி தின்று ஏப்பமே விட்டிருந்தது. முழுசாகப் போட வேண்டுமென்றால் புதிதாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் முழுசாகாது. சத்தியம் அங்கேயே நொண்டியாகிவிட்டது.

எழுதியதைக் கோஷ்டியின் இரண்டு குழல்காரர்களிடம் காட்டினாள். தளத்தின் சாவி மூவரிடமும் உண்டு.

மூத்தவர் இருதயராஜ் யோசிக்கவே இல்லை. "இருக்கிறது இருக்கு, இல்லாதது இல்ல" என்று ஐந்தாம் வரியை வெற்றாக விட்டுத் தளத்தில் ஏற்றிவிட்டார்.

கோத்தகிரிக் கோஷ்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து ஒரு கல்யாண ஊர்வலத்தில் வாசித்தார்கள். நாதஸ்வரம் என்றால் வெற்றிடத்தில் மூச்சை நிறுத்திவிடலாம். பேக்பைப்பில் அது நடக்காது. பையில் காற்று இருக்கிற வரை அது கத்தும். ஐந்தாம் வரியில் விரல்கள் நின்றன, கருவி நிற்கவில்லை. ஒரே சுரம் ஊளையிட, மாப்பிள்ளை தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெண்ணின் தாய்மாமன் ஃபிலோமினாவை ஃபோனில் பிடித்தார்.

"ஏம்மா, நீ போட்டது கல்யாணப் பாட்டா, சங்கு ஊதுற பாட்டா?"

இது எஸ்தர் காதுக்குப் போனால் நோட்டு போயிற்று. இளையவன் போஜன் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து, ஐந்தாம் வரியைத் தானே கட்டினான். எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது, அப்படியொரு வேலை. தளத்தில் அதைச் சேர்த்து, மேலே மாசிலாமணி பெயரை மட்டும் இருக்கவிட்டான். நாலு ஊர்க் கோஷ்டிகள் எடுத்து வாசித்தன. நோட்டைக் கட்டிக் காத்தாரே தவிர ஒரு நாளும் பிரித்துப் பார்க்காத எஸ்தர், கேட்டுக் கண் கலங்கினார்: "அந்த அஞ்சாவது வரி இருக்கே, அது அப்படியே எங்க தாத்தா! அடுத்த பாட்டுக்கு வாடி."

ஃபிலோமினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போஜனைப் பிடித்தாள்.

"உன் பேரை ஏன்டா போடல?"

"பெரியவர் பாட்டுல நான் யாரு ஃபிலோக்கா?"

"உன் அடக்கத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

அன்றே ஐந்தாம் வரியைச் சிவப்பாக்கினாள். 'இந்த வரி போஜன் கட்டியது' என்று எழுதினாள். எஸ்தர் வீட்டில் எடுத்திருந்த அந்த ஓட்டைப் பக்கத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு தானே எஸ்தரிடம் போய்ச் சொன்னாள்.

"எங்க தாத்தா நோட்டைப் பூச்சி தின்னத ஊருக்கே காட்டிட்டியா? எவனோ போட்ட சுரத்துக்கா நான் அழுதேன்?" என்று எஸ்தர் குதித்தார். நோட்டு பீரோவுக்குள் போனது. மிச்சம் முப்பத்தொன்பது பாட்டும் அதோடு போயின.

இப்போது வாயைத் திறக்கலாம். ஓட்டையை ஓட்டையாகவே விட்டவர் இருதயராஜ். அடைத்துவிட்டு மறைத்தவன் போஜன். அடைப்பைக் காட்டிக்கொடுத்து நோட்டையே இழந்தவள் ஃபிலோமினா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஃபிலோமினா செய்ததுதான் சரி. பார்க்காமல் சத்தியம் செய்தது அவள் தப்பு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இருதயராஜ் கொடுத்தது உண்மை, அதை வாசிக்க முடியாது. போஜன் கொடுத்ததை வாசிக்கலாம், நம்ப முடியாது. அடுத்தவன் சரக்கில் நம் பேரை ஒட்டுவது மட்டும் பித்தலாட்டம் இல்லை ஐயா, நம் சரக்கில் அடுத்தவன் பேரை ஒட்டுவதும் அதேதான். போஜன் வழியில் போனால் மாசிலாமணியின் நிஜமான ஐந்தாம் வரி நாளைக்கு எங்காவது கிடைத்தாலும் அதற்கு உட்கார இடம் இருக்காது. ஃபிலோமினா தளத்தில் போட்ட பக்கத்தில் வாசிக்கவும் வழி உண்டு, திருத்தவும் இடம் உண்டு. பத்து நாள் கழித்து எஸ்தரே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்கப்பா ஷேவ் பண்ணும்போது விசிலடிப்பார். அந்த இடம் இப்படித்தான் வரும்னு நினைக்கிறேன்" என்று முனகிக் காட்டினார். "என்னோடதவிட நல்லா இருக்கே, சே!" என்றான் போஜன். ஃபிலோமினா அதைப் பச்சையில் எழுதினாள்: 'எஸ்தரின் ஞாபகப்படி'.

"பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுடி" என்றார் எஸ்தர்.